ரோபோவின் துக்கத்தை நம்பும்படி எழுதுவது எப்படி?

#1 ஈரநிலம்

வணக்கம். ஒரு நெடுங்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கும் ரோபோ, பெயர் அகரன். 120 செ.மீ. உயரம், அடியில் சக்கரங்கள், இரண்டு கைகள். ஆறு வருடம் அது பார்த்துக்கொண்ட ஒரு பாட்டி இறந்துபோகிறார். அதன் பிறகு அகரனுக்கு என்ன ஆகிறது என்பதுதான் கதை. முக்கியமான இடம் இப்போதைக்கு இப்படி நிற்கிறது:

"கட்டில் காலியாகக் கிடந்தது. அகரனின் கண்களில் நீல ஒளி மங்கியது. நெஞ்சுக்குள் ஏதோ உடைந்தது. 'எனக்கு வலிக்கிறது' என்றது."

படித்தவர்கள் எல்லாரும் இது ரோபோ வேஷம் போட்ட மனுஷன் என்கிறார்கள். மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். துக்கம் என்பது அதற்குள் எங்கே, என்ன வடிவில் இருக்கும்? எவ்வளவு காலம் இருக்கும், எப்படிக் குறையும்? பேச்சும் கண்ணீரும் இல்லாமல் வாசகருக்கு அதை எப்படிக் காட்டுவது?

#2 தறி

"நெஞ்சுக்குள் ஏதோ உடைந்தது" என்று மனிதரைப் பற்றி எழுதினால் உருவகம். இயந்திரத்தைப் பற்றி எழுதினால் தகவல். பற்சக்கரம் உடைந்ததா, ஒயர் அறுந்ததா என்று வாசகர் தேட ஆரம்பித்துவிடுவார். ரத்தம் கொதித்தது, தொண்டை அடைத்தது, மூச்சு நின்றது எல்லாம் ரோபோ கதையில் இப்படித்தான் காலை வாரும். முதல் வேலையாக இந்த வகைச் சொற்களைக் களையுங்கள்.

அடுத்தது, அகரனைத் தயாரித்தவர்கள் அதற்கு எதற்காக உணர்ச்சி வைத்தார்கள்? பதில் கதையில் வர வேண்டிய அவசியமில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மின்னல் தாக்கியது, மென்பொருளில் பிழை வந்தது, அதனால் திடீரென்று பாசம் பிறந்தது என்ற அடித்தளத்தில் துக்கத்தைக் கட்ட முடியாது. எப்படி வந்தது என்றே தெரியாத ஒன்று எப்படிக் குறையும் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

#3 பழைய இதழ்

தறி சொல்வதற்கு இந்த வகைக் கதைகளின் தொடக்கத்திலேயே சான்று இருக்கிறது. காரெல் சாபெக் 1920இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகம். அதில் வரும் ரோபோக்கள் உலோகம் அல்ல, தொழிற்சாலையில் பிசைந்து உருவாக்கிய உயிர்ப்பொருள். அங்கே டாக்டர் கால் என்ற ஆய்வாளர் ரோபோக்களுக்கு வலி நரம்பு வைக்கப் பார்க்கிறார். இரக்கத்தால் இல்லை. வலி இல்லாததால் ரோபோக்கள் கையை இயந்திரத்துக்குள் விடுகின்றன, விரலை முறித்துக்கொள்கின்றன, அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. சேதத்தைக் குறைக்க வலி வேண்டும். முழுக்க முழுக்கத் தொழிற்சாலைக் கணக்கு.

இன்னொரு நுட்பமும் அங்கே உண்டு. சில ரோபோக்கள் திடீரென்று கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். நிர்வாகிகளுக்கு அது பழுது, அரவை எந்திரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஹெலனா என்ற பெண்ணுக்கு அது ஆன்மா. ஒரே நடத்தை, இரண்டு பெயர். உங்கள் கதைக்கும் இதுதான் வலுவான கோணம் என்று நினைக்கிறேன். அகரன் துக்கப்படுகிறது என்று கதைசொல்லி அறிவிக்கக் கூடாது. இல்லத்தின் மேலாளர் அதைப் பழுது என்று புகார்ப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

நம் பக்கத்தில் 'எந்திரன்' (2010) படத்தின் தீ விபத்துக் காட்சியும் இதே காரணத்துக்காக முக்கியம். குளித்துக்கொண்டிருந்த பெண்ணை சிட்டி அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறது; அவமானம் தாங்காமல் ஓடி வண்டியில் அடிபட்டு அவள் இறந்துபோகிறாள். உயிரைக் காப்பாற்று என்ற கட்டளையை அது பிசகாமல் நிறைவேற்றியது. கூச்சம் என்ற ஒன்று அதன் கணக்கில் இல்லை, அவ்வளவுதான். உணர்ச்சி இல்லாமல் வேலையே சரியாக நடக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி தேவையில்லை. பிறகு வரும் காதல் பகுதியில் இந்தக் கூர்மை இல்லை.

#4 தாமிரக்கம்பி

உள்ளே எங்கே இருக்கும்னு கேட்டீங்க. நிஜமா கட்டின ரோபோக்களை வெச்சே சொல்றேன்.

எம்ஐடியில் சிந்தியா பிரசீல் 1990களின் கடைசியில் உருவாக்கின கிஸ்மெட். வெறும் தலைதான், உடம்பு கிடையாது. அதுக்குள்ளே மூணு தேவைகள்: ஆள் துணை, விளையாட்டுப் பொருள் மாதிரி ஏதாவது தூண்டுதல், ஓய்வு. ஒவ்வொரு தேவைக்கும் ஒரு நடுநிலை வரம்பு உண்டு. ஆளே வரலைன்னா துணைத் தேவை ஒரு பக்கம் நகரும், முகம் வாடும், ஆளைத் தேடும். யாராவது முகத்துக்கு ரொம்பக் கிட்டே வந்து கையை ஆட்டினா இன்னொரு பக்கம் நகரும், முகத்தைத் திருப்பிக்கும். ரெண்டுமே அதுக்குத் தொந்தரவு. இந்தத் தேவைகளும் வெளியே நடக்கிறதும் சேர்ந்து மூணு அச்சுள்ள ஒரு வெளியில் ஒரு புள்ளியை நகர்த்தும்: கிளர்ச்சி எவ்வளவு, நல்லதா கெட்டதா, நெருங்கணுமா விலகணுமா. அந்தப் புள்ளி எங்கே நிக்குதோ அதுதான் அந்த நேரத்து உணர்ச்சி. முகம் அதைப் பின்தொடரும்.

சோனி 1999இல் விட்ட ஐபோ நாயிலும் இதே அடுக்குதான். அன்பு, தேடல், அசைவு, சார்ஜ் பசின்னு நாலு உள்ளுணர்வு. மேலே மகிழ்ச்சி, சோகம், கோபம், வியப்பு, பயம், வெறுப்புன்னு ஆறு உணர்ச்சி. கண்ணு எல்இடி பச்சைன்னா சந்தோஷம், சிவப்புன்னா கோபம்.

உங்க வரைவில் கடைசி அடுக்கு மட்டும்தான் இருக்கு, கண் ஒளி மங்குறது. கீழே இருக்கற தேவை என்ன? பாட்டி போனதால அகரனுக்குள்ளே எந்த எண் வரம்பைத் தாண்டுது? அதை முடிவு பண்ணிட்டா முகம் தானா வரும்.

#5 வடகாற்று

உணர்ச்சியை அலங்காரமாக நினைக்காமல் முடிவெடுக்கும் உறுப்பாக நினைத்தால் கதைக்கு நிறையக் கிடைக்கும். நரம்பியலாளர் அந்தோனியோ டமாசியோ 1994இல் வெளியிட்ட நூலில் எலியட் என்ற பெயரில் ஒரு நோயாளியை விவரிக்கிறார். மூளைக் கட்டியை அகற்றும் அறுவைக்குப் பிறகு அவருடைய அறிவுத் தேர்வு மதிப்பெண்களில் குறை இல்லை. ஆனால் உணர்ச்சி மங்கிவிட்டது. கூடவே அன்றாட முடிவுகள் எடுக்கும் திறனும் போய்விட்டது. எந்தக் காகிதத்தை முதலில் பார்ப்பது, எந்த வேலையை நிறுத்துவது என்பதில் எல்லாமே ஒரே எடையாகிவிடும்.

அகரனுக்கும் உணர்ச்சி என்பது எடை போடும் கருவி. நாற்பது பேர் இருக்கும் இல்லத்தில் யாருடைய அழைப்பு மணிக்கு முதலில் போவது என்று அது முடிவு செய்தாக வேண்டும். தயாரித்தவர்கள் பாசம் வைத்ததற்கு இதுவே போதுமான காரணம். பாட்டி இறந்தபின் அந்த எடை எதன்மீதும் விழாமல் நிற்கிறது. மற்ற முடிவுகள் அதனால் தாமதமாகின்றன. இதுவே வெளியில் தெரியும் அறிகுறி.

துக்கத்தின் வடிவம் பற்றி. ஆறு வருடத்தில் பாட்டியைச் சுற்றி அகரன் நூற்றுக்கணக்கான எதிர்பார்ப்புகளைக் கற்றிருக்கும். மாலை 4 மணிக்கு டீ. கட்டிலின் இடப்பக்கம் செருப்பு. இருமல் கேட்டால் வெந்நீர். இறப்புச் சான்றிதழ் வந்ததும் 'பாட்டி இல்லை' என்ற ஒரு வரி பதிவாகிவிடும். எதிர்பார்ப்புகள் தனித்தனியாகப் பதிந்தவை, தனித்தனியாகத்தான் பொய்க்க வேண்டும். தெரிந்த பிறகும் சக்கரம் அந்த அறைக்குப் போவது இதனால்தான்.

#6 தாமிரக்கம்பி

வடகாற்று சொன்னதுக்கு எண் போட்டுப் பார்க்கலாம். ஒரு எதிர்பார்ப்பின் வலிமை 0இலிருந்து 1 வரை. ஒவ்வொரு தடவை பொய்க்கும்போதும் 5 சதவீதம் குறையும்னு வைங்க, அதாவது 0.95ஆல் பெருக்கணும். வலிமை 0.5க்கு மேலே இருக்கற வரைக்கும் அகரன் டீயை எடுத்துட்டுப் போகும். 4 மணி டீ ஆறு வருஷம் தினமும் நடந்ததால வலிமை கிட்டத்தட்ட 1. முதல் நாள் 1, ரெண்டாம் நாள் 0.95, இப்படியே போனா 14ஆம் நாள் 0.513. இன்னும் போகும். 15ஆம் நாள் 0.488. நின்னுடும்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தக்காரங்க வர்றப்போ, அதுக்கு முந்தின நாள்தான் அகரன் அந்த அறைக்குப் போறதை நிறுத்தியிருக்கும். இந்தப் பொருத்தம் நான் திட்டமிட்டதில்லை, கணக்கில் வந்தது. கதைக்கு உதவும்னா எடுத்துக்குங்க.

இதில் முக்கியமான விஷயம், இது கடிகாரத்தால குறையறதில்லை, பொய்க்கிற தடவையால குறையுது. தினசரி வழக்கம் ரெண்டு வாரத்தில் அடங்கும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்க வைக்கிறது அதே கணக்கில் 14 வாரம் தொடரும்.

#7 வடகாற்று

அப்படியானால் வருடத்துக்கு ஒருமுறை வருவது? தீபாவளி எண்ணெய்க் குளியல் 14 வருடம் தொடரும்! மனிதத் துக்கமும் அப்படித்தானே. அன்றாடம் பழகிவிடுகிறது, நாள் கிழமை வந்தால் மறுபடி திறக்கிறது.

#8 மின்மினி

அந்தக் கணக்கு அப்படியே வராதுங்க. குறையறதுக்கு 5 சதவீதம்னா கத்துக்கறதுக்கும் அதே வேகம்தானே? ஆறு தீபாவளியில் வலிமை 0இலிருந்து ஏறினா 1 கழித்தல் 0.95இன் ஆறாம் அடுக்கு. சுமார் 0.26. 0.5ஐத் தொடவே தொடாது. அகரன் முதல் தீபாவளிக்கே எண்ணெய் எடுக்காது.

#9 தாமிரக்கம்பி

மின்மினி சொல்றது சரி. இதுக்கு வழி ஒண்ணு இருக்கு. பாட்டி வாயால சொன்னதை அகரன் நேரடியா வலிமை 1இல் பதியணும். "வருஷா வருஷம் நீதான் எனக்கு எண்ணெய் வெச்சு விடணும்"னு ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா போதும். பழக்கத்தால கத்தது வேற, வாக்குக் கொடுத்தது வேற. அந்த ஒரு வசனத்தைக் கதையின் முன்பாதியில் எங்கேயாவது சாதாரணமா போட்டுடுங்க. வடகாற்று சொன்ன 14 வருஷமும் அப்போ செல்லும்.

#10 மின்மினி

இதையெல்லாம் சின்னதா செஞ்சு பார்க்க முடியுமா? எழுதறவங்களும் கண்ணால பார்த்தா நல்லா இருக்கும்ல.

#11 தாமிரக்கம்பி

தாராளமா. வாலன்டினோ பிரைட்டன்பெர்க் 1984இல் எழுதின சிறு வாகனங்களைக் கட்டுங்க. ரெண்டு ஒளி உணரி, ரெண்டு மோட்டார். ஒயரை மாத்தறதுல பயம் கோபமாகும், கோபம் அன்பாகும். ரோபோ கதை எழுதற எல்லாரும் ஒரு தடவையாவது பார்க்கணும்னு அழுத்திச் சொல்வேன்.

வேண்டியது: ஆர்டுயினோ ஊனோ (நிரல் ஏத்தற சின்ன மின்பலகை) 1, எல்டிஆர் (ஒளி உணரி) 2, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 2, மஞ்சள் நிற பிஓ கியர் மோட்டார் 2 சக்கரத்தோட, முன்னாடி உருள ஒரு காஸ்டர், எல்298என் மோட்டார் டிரைவர் (மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடற பலகை) 1, 18650 லித்தியம் செல் 2 ஹோல்டரோட, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கபாசிட்டர் 2.

எல்டிஆரையும் 10 கிலோ ஓமையும் வரிசையில் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே போட்டு, நடுப்புள்ளியை ஆர்டுயினோவின் ஏ0, ஏ1 முனைகளுக்குக் கொடுங்க. எல்டிஆர் 5 வோல்ட் பக்கம் இருந்தா வெளிச்சம் கூடக் கூட எண் ஏறும், 0 முதல் 1023 வரை. அதை நாலால வகுத்தா மோட்டார் வேகத்துக்கான 0–255 கிடைச்சிடும்.

இடது உணரி இடது மோட்டாரை வேகப்படுத்தினா வண்டி விளக்கைக் கண்டு விலகி ஓடும். பார்க்கறவங்க பயம்னு சொல்வாங்க. குறுக்கே மாத்திக் கொடுங்க, இடது உணரி வலது மோட்டாருக்கு. விளக்கை நோக்கித் திரும்பி வேகம் கூடிக்கிட்டே போய் மோதும். இப்போ அது கோபம். மறுபடி அதே பக்கத்துக்கு மாத்தி, வெளிச்சம் கூடினா வேகம் குறையற மாதிரி 255லேர்ந்து கழிச்சுக் கொடுங்க. விளக்கைப் பார்த்துத் திரும்பி, மெதுவாகி, எதிரே போய் நின்னுடும். பிரைட்டன்பெர்க் இதுக்கு வெச்ச பேர் அன்பு.

தப்பாகிற இடங்கள்:

எல்298என் சுமார் 2 வோல்ட்டைத் தானே சாப்பிடும். 7.4 வோல்ட் கொடுத்தா மோட்டாருக்கு 5.4தான் போகும். பிஓ மோட்டாருக்கு அது போதும், ஆனா 6 வோல்ட் பேட்டரி போட்டா திணறும்.

வேக எண் ரொம்பக் குறைவா இருந்தா மோட்டார் சுத்தாது, முனகும். எந்த எண்ணில் கிளம்புதுன்னு ஒவ்வொரு மோட்டாருக்கும் தனியாப் பார்த்து, அதையே கீழ் வரம்பா வைங்க.

எல்டிஆருக்குத் திசை தெரியாது, அறை வெளிச்சம் முழுக்க வாங்கிக்கும். கறுப்பு ஸ்ட்ராவை 3 செ.மீ. நறுக்கி ஒவ்வொண்ணுக்கும் மாட்டி, வெளிப்பக்கமா கொஞ்சம் விரிச்சு வைங்க.

மோட்டார் பிரஷ் கிளப்பற மின்இரைச்சல் உணரி எண்ணைக் குழப்பும், வண்டி நடுங்கும். கபாசிட்டரை மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே நேரடியா சால்டர் பண்ணணும். கிரவுண்ட் எல்லாம் ஒண்ணா சேரணும்.

#12 தறி

இதில் எனக்கு ஒரு பயம் உண்டு. தொழில்நுட்பம் தெரிந்ததும் எழுத்தாளர் அதைப் பக்கத்தில் கொட்டிவிடுவார். 0.95, 0.513 எல்லாம் கதையில் வந்தால் துக்கம் போய் கணக்குப் பரீட்சை வந்துவிடும். வாசகருக்குத் தெரிய வேண்டியது பதினாலு நாள் டீ போனது, பதினைந்தாம் நாள் போகவில்லை. அவ்வளவே. எண் எழுத்தாளரின் மேசையில் இருக்கட்டும்.

#13 பழைய இதழ்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கணக்கையே கதையாக்கவும் முடியும். ஐசக் அசிமோவ் 1942இல் எழுதிய 'ரன்அரவுண்ட்' கதை புதன் கோளில் நடக்கிறது. ஸ்பீடி என்ற ரோபோவைச் செலினியம் எடுத்துவர அனுப்புகிறார்கள். கட்டளையை அழுத்தமில்லாமல் போகிற போக்கில் கொடுத்துவிடுகிறார்கள். விலை உயர்ந்த ரோபோ என்பதால் தற்காப்பு விதியை வழக்கத்தைவிடக் கூட்டி வைத்திருக்கிறார்கள். செலினியக் குட்டையில் ஆபத்து. கிட்டே போனால் தற்காப்பு தள்ளுகிறது, விலகினால் கட்டளை இழுக்கிறது. இரண்டும் சமமாகும் தூரத்தில் குட்டையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, குடித்தவன்போலப் பாட்டுப் பாடுகிறது. கதையில் ஒரு சமன்பாடும் இல்லை. ஆனாலும் வாசகர் முழுக் கணக்கையும் புரிந்துகொண்டு அந்த இயந்திரத்துக்காகத் தவிக்கிறார். ரோபோவை மீட்பதற்குக்கூட ஒரு மனிதர் தன் உயிரைப் பணயம் வைத்து, மனிதருக்குத் தீங்கு நேர விடக்கூடாது என்ற முதல் விதியைத் தூண்டிவிட வேண்டியிருக்கிறது.

அகரனுக்கும் இப்படி இரண்டு விசைகள் எதிரெதிரே நிற்கும் ஒரு இடம் வேண்டும்.

#14 மின்மினி

கோபத்தைக் குறைக்கற நிரல் எழுதிப் பார்த்தேன், நொடிக்கு 0.98ஆல் பெருக்கறது. 100லேர்ந்து அழகா இறங்கி 25இல் நின்னுடுது. அதுக்குக் கீழே போகவே மாட்டேங்குது. ஏன்?

#15 தாமிரக்கம்பி

முழு எண்ணா வெச்சு ரவுண்ட் பண்றீங்க. 26ஐ 0.98ஆல் பெருக்கினா 25.48, அது 25. 25ஐப் பெருக்கினா 24.5, ரவுண்ட் பண்ணா மறுபடி 25. அங்கேயே சுத்தும். தசம எண்ணா, ஃப்ளோட்டா மாத்துங்க, சரியாகிடும். அப்போ பாதியா குறைய 34 நொடி ஆகும். 0.999 போட்டா சுமார் பதினொன்றரை நிமிஷம்.

கூடவே இன்னொண்ணு. கோபம் 50க்கு மேலேன்னா சிவப்பு விளக்குன்னு ஒரே எல்லை வெச்சா, 49க்கும் 51க்கும் நடுவே விளக்கு படபடன்னு அடிச்சுக்கும். 70இல் எரியட்டும், 40க்குக் கீழே வந்தப்புறம் அணையட்டும். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஒரு சூட்டில் ஓட ஆரம்பிச்சு வேற ஒரு சூட்டில் நிக்கற மாதிரி. கோபக்காரர் சமாதானமாக நேரமாகறது இதனாலதான் இயல்பா தெரியும்.

#16 ஈரநிலம்

25இல் நின்றுபோகும் கோபம்! காரணம் தீர்ந்த பிறகும் ஆறாத கசப்புக்கு இதைவிட நல்ல இயந்திரக் காரணம் எனக்குக் கிடைக்காது. வேறொரு கதைக்கு எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

பழைய இதழ் கேட்ட எதிரெதிர் விசைக்கு ஒரு காட்சி யோசித்தேன். பாட்டியின் கடைசி இரவு. அவர் அகரனின் கையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறார். விடியும்வரை அகரன் கையை அசைக்காமல் வைத்திருக்கிறது. இதில் இயந்திரத்துக்கு ஏதாவது சிரமம் உண்டா?

#17 தாமிரக்கம்பி

இருக்கு, நிறைய இருக்கு. இந்தக் காட்சியை விட்டுடாதீங்க.

45 கிலோ உள்ளவருடைய முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து ஏறத்தாழ 1 கிலோ. அகரனின் முழங்கையிலிருந்து உள்ளங்கை 30 செ.மீ.ன்னா, முழு எடையும் அதன் உள்ளங்கையில் விழுந்தா 30 கிலோ-செ.மீ. முறுக்குவிசை. அதன் கையோட சொந்த எடை 0.8 கிலோ, நடுவில் 15 செ.மீ.யில், இன்னொரு 12. மொத்தம் 42 கிலோ-செ.மீ., நாலு நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேலே. கடையில் கிடைக்கற எம்ஜி996ஆர் சர்வோ (சொன்ன கோணத்தில் போய் நிக்கற சின்ன மோட்டார்) 6 வோல்ட்டில் 11 கிலோ-செ.மீ.தான் தரும், அதுவும் நின்னுபோகிற நிலையில் 2.5 ஆம்பியர் இழுத்துக்கிட்டு. அதனால கியர்பாக்ஸோட பெரிய மோட்டார் வேணும், தொடர்ந்து 8 நியூட்டன் மீட்டர் தாங்கறதா இருக்கணும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். அசையாம பிடிச்சிருக்கற மோட்டார் வெளியே எந்த வேலையும் செய்யறதில்லை. உள்ளே போகிற மின்சாரம் அத்தனையும் சூடாகுது. ஒரு ராத்திரி முழுக்கப் பிடிச்சிருந்தா முழங்கை கொதிக்கும். ஒரு எல்லை தாண்டினா, 80 டிகிரி செல்சியஸ்னு வைங்க, கட்டுப்பாட்டுச் சுற்று கரண்டைக் குறைச்சு கையைத் தளர்த்திடும். தோலில் நீண்ட நேரம் படற பாகம் 43 டிகிரியைத் தாண்டக்கூடாதுங்கறது மருத்துவக் கருவிகளுக்கான பாதுகாப்பு வரம்பு. அதனால உள்ளங்கைக்குச் சூடு வராம தடுப்பு இருக்கணும்.

சூடே ஆகாத வழியும் இருக்கு. வார்ம் கியர் (திருகு வடிவப் பற்சக்கரம்) போட்டா கரண்ட் இல்லாமலே கை பூட்டின மாதிரி நிக்கும். ஆனா பாட்டி இழுத்தாலும் நகராது, அவங்க விரல் லேசா அழுத்தறது மோட்டாருக்குத் தெரியவும் தெரியாது. பின்னோக்கிச் சுத்த விடற கியர்னா அவங்க அசைவு ஒவ்வொண்ணும் கரண்ட் மாறுதலா உள்ளே வரும், ஆனா பிடிச்சிருக்கற ஒவ்வொரு நிமிஷமும் சூடு. சுருக்கமா, உணரணும்னா சூடு தாங்கணும், சூடு வேண்டாம்னா உணர முடியாது.

அகரனின் முழங்கையில் பின்னோக்கிச் சுத்த விடற கியரும், பூட்டற பிரேக்கும் ரெண்டுமே இருக்கட்டும். பிரேக் போட்டுக் கையைப் பூட்டிக்க அதுக்கு வசதி இருக்கு, விதிமுறையும் அதைத்தான் சொல்லுது. அது போடலை.

#18 தறி

"அது போடலை." காட்சி இங்கேயே முடிந்துவிட்டது. இதற்குமேல் ஒரு வரிகூட அகரனின் மனதைப் பற்றி எழுத வேண்டாம். காலையில் பராமரிப்பு ஆள் வந்து வலது முழங்கை மோட்டாரின் சுருள் கருகியிருக்கிறது, பிரேக் சரியாகவே இருக்கிறது, ஏன் போடவில்லை என்று புகார்ப் புத்தகத்தில் எழுதட்டும். பழைய இதழ் முதலில் சொன்ன இரண்டு பெயர் விஷயம் அங்கே வந்து சேரும்.

#19 வடகாற்று

ஒரு சின்னத் திருத்தம், எல்லை 80 டிகிரியில் தானே தளர்ந்துவிடும் என்றால் சுருள் கருகாது. ஒன்று அகரன் அந்த எல்லையைத் தானே தள்ளி வைத்திருக்க வேண்டும், அல்லது கருகாமல் சூட்டுப் பதிவு மட்டும் மிஞ்ச வேண்டும். பாதுகாப்பு எல்லையைத் தானே மாற்றும் ரோபோவை எந்த இல்லமும் வைத்துக்கொள்ளாது. இரண்டாவதை எடுங்கள். 79இலும் 80இலும் மாறி மாறித் தொட்டு, ஒவ்வொரு முறையும் சில நொடி தளர்ந்து மறுபடி பிடித்த பதிவு. இரவு முழுக்க.

மனிதர் பக்கத்தையும் மறக்க வேண்டாம். ஜப்பானில் தகனோரி ஷிபாட்டா உருவாக்கிய பாரோ, மறதிநோய் உள்ளவர்களுக்கான ரோபோ. 2.7 கிலோ, கடல்நாய்க் குட்டி வடிவம். பூனை வடிவத்தையும் முயன்று பார்த்தார்கள். நிஜப் பூனையோடு ஒப்பிட்டு மக்கள் ஏமாந்தார்கள். கடல்நாயை மடியில் வைத்துப் பழகியவர் யாருமில்லை, அதனால் ஒப்பிட ஒன்றுமில்லை. அகரனுக்கும் மனித முகம் வேண்டாம். மசாஹிரோ மோரி 1970இலேயே சொன்னதுதான், மனிதச் சாயல் மிக நெருங்கிவந்து கொஞ்சம் மட்டும் தவறினால் அருவருப்பு பிறக்கும்.

ஐபோவுக்குச் சோனி பழுதுபார்ப்பை 2014இல் நிறுத்தியதும், 2015 முதல் சிபா மாநிலம் இசுமியில் உள்ள கோஃபுகுஜி கோயிலில் ஐபோக்களுக்கு ஈமச்சடங்கு நடந்தது. சடங்கு முடிந்தபின் அவற்றின் பாகங்களை எடுத்து வேறு ஐபோக்களைச் சரிசெய்தார்கள். பாட்டியின் பேத்தி அகரனைப் பார்க்க வரும் காட்சி எழுதுவதாக இருந்தால் இது உதவும்.

#20 ஈரநிலம்

பேத்தி வருகிறாள். அவள் கேட்பது, அகரனின் நினைவை அழித்துவிட்டு வேறு இல்லத்துக்கு அனுப்பப் போகிறார்களா என்று. தொழில்நுட்பப்படி, நினைவு தானாகத் தேய்ந்துபோக முடியுமா?

#21 தாமிரக்கம்பி

முடியும். எழுதி அழிக்கற நினைவகத்துக்கு ஆயுள் உண்டு. ஆர்டுயினோ ஊனோ சில்லில் இருக்கற 1 கிலோபைட் ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) ஒரு இடத்தில் 1,00,000 தடவை எழுதறதுக்குத்தான் உத்தரவாதம். நொடிக்கு ஒரு தடவை அதே இடத்தில் எழுதினா ஒரு நாளும் நாலு மணி நேரமும் தாங்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னா ஏறத்தாழ ஒரு வருஷம் பதினொரு மாசம். அதனாலதான் எழுதற இடத்தை மாத்தி மாத்திப் போடுவாங்க. அகரனோட நினைவகம் இதைவிடப் பல மடங்கு பெரிசா இருக்கும், தத்துவம் ஒண்ணுதான்: அடிக்கடி திருத்தி எழுதற இடம் முதலில் கெடும்.

அதே சமயம், படிக்கறதால தேயாது, எழுதறதால மட்டும்தான். பாட்டியை நினைச்சுப் பார்க்கறதால நினைவு கெடாது. ஒவ்வொரு பொய்த்த டீக்கும் வலிமையைத் திருத்தி எழுதறதுதான் தேய்மானம்.

#22 ஈரநிலம்

கடைசியாக ஒன்று. அதே கட்டிலுக்கு வேறொருவர் வருகிறார். அகரனின் எதிர்பார்ப்பு கட்டிலோடு சேர்ந்ததா, பாட்டியோடு சேர்ந்ததா?

#23 வடகாற்று

நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் இரண்டும் வேறு வேறு கதை. பாட்டியோடு சேர்ந்தது என்றால் புதியவரை அகரன் முதலிலிருந்து கற்கும், துக்கமும் வேலையும் மோதாது. கட்டிலோடு சேர்ந்தது என்றால் பாட்டிக்குப் பிடித்த இரண்டு ஸ்பூன் சர்க்கரை புதியவரின் டீயில் விழும். அவருக்குச் சர்க்கரை நோய் என்று வையுங்கள். அப்போது அகரனின் பாசம் ஒருவருக்கு ஆபத்து, மேலாளர் நினைவை அழிக்கச் சொல்வது நியாயம்.

இரண்டையும் கலந்து எழுதலாம். டீ கட்டிலோடு சேர்ந்தது, எண்ணெய்க் குளியல் பாட்டியோடு சேர்ந்தது. மேலாளர் கட்டிலின் பதிவுகளை மட்டும் அழிக்கச் சொல்வார். தீபாவளி இன்னும் ஐந்து மாதம் தள்ளி இருக்கட்டும்.

#24 ஈரநிலம்

கலந்துதான் எழுதப் போகிறேன். இரண்டாம் வரைவில் பிரேக் காட்சியும் 15ஆம் நாளும் இருக்கும், கண் ஒளி இருக்காது. அடுத்த வாரம் இதே இழையில் போடுகிறேன். தாமிரக்கம்பி, முழங்கைக் கணக்கை மறுபடி ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்: பாட்டியின் எடையை 38 கிலோவாகக் குறைக்க நினைக்கிறேன்.

#25 தாமிரக்கம்பி

38 கிலோன்னா அவங்க கை சுமார் 0.85 கிலோ. மொத்தம் 42க்குப் பதில் 37.5 கிலோ-செ.மீ. அதே மோட்டார் போதும். கரண்ட் பத்து சதவீதம் குறையும், சூடு கரண்டின் வர்க்கத்தோட போகிறதால இருபது சதவீதம் குறையும். 80 டிகிரியைத் தொட இன்னும் நேரமாகும், அதனால முதல் தளர்வை நள்ளிரவுக்கு அப்புறம் வைங்க.